வில்லும் அதிர்வடக்கியும்

ஸ்போர்ட்ஸ் மோட்டார் வண்டியைத் தாழ்த்தினால் வளைவில் சாய்வு குறையும் என்பது மெய்யே. ஆயினும், குட்டையான விறைத்த சுருள்வில்லைப் பூட்டிவிட்டு, ‘ஷொக் அப்சோபர்’ எனும் அதிர்வடக்கியைப் பழையதாகவே விட்டுவிடும் இளைஞர் பலர். வில் பாரத்தைத் தாங்குவது. அதன் துள்ளலை அடக்குவதோ, அதிர்வடக்கியினுள் சிறு துளைகளூடாக நெருக்குண்டு பாயும் எண்ணெய். வில் விறைத்தால் அந்தத் தடையும் மிகவேண்டும். இன்றேல் மேடுபள்ளத்தில் சில்லு நிலத்தை விட்டெழும். அக்கணத்தில் பிரேக்கும் சுக்கானும் இருந்தும் இல்லாதனவே. உயரம் குறையச் சில்லு மேலெழும் இடமும் குறைந்து, ரப்பர்த் தடையில் மோதும்.

1962இல் இங்கிலாந்தில் வெளிவந்த லோட்டஸ் எலான், மென்மையான வில்லும் அதற்கிசைந்த அதிர்வடக்கியும் கொண்டே வளைவுகளிற் புகழ்பெற்றது. இரண்டையும் இணையாகவே வாங்குங்கள். பணம் ஒன்றுக்கே போதுமாயின், தேய்ந்த அதிர்வடக்கிகளை மாற்றுங்கள். உயரம் இருந்தபடியே இருக்கட்டும்.