பூனைக்கும் ஒரு தண்ணீர்ப் பந்தல்

(பண்டாரவளையில், சங்கக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



திருவிழாக் காலத்தில் தண்ணீர்ப் பந்தல் வைப்பது நம்மவர் வழக்கம். இத்தொண்டு நம் சமயத்திலே மிகப் பழையது. திங்களூர் அப்பூதியடிகள், தாம் நேரிற் கண்டறியாத திருநாவுக்கரசர் பெயரால் தண்ணீர்ப் பந்தல் வைத்த வரலாற்றைப் பெரியபுராணம் கூறுகிறது. காணாத பெரியவர் பெயரால், யாரென்றறியாத வழிப்போக்கருக்கு நீர் கொடுத்தார் அவர்! அந்தப் பந்தலின் நிழலை இன்னும் ஒரு முழம் நீட்டலாகாதா என்று கேட்கவே இங்கு நிற்கிறேன். எந்த வீட்டுக்கும் சொந்தமில்லாமல் கடைத்தெருவிலும், கோயில் வாசலிலும், லயத்து இஸ்தோப்பிலும் வாழும் பூனைகளுக்காகவே பேசுகிறேன்.

“பண்டாரவளை குளிர்ந்த ஊராயிற்றே! இங்கே வெயில் என்ன செய்யும்?” என்று சிலர் சொல்லக்கூடும். சுமார் 4,000 அடி உயரத்திலுள்ள ஊர்தான். ஆனால் ஆனி முதல் ஆவணி வரை, தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மேற்குச் சரிவிலே கொட்டிவிட்டு, வறண்ட காற்றாக ஊவாவில் இறங்குகிறது. ஊவாத் தேயிலைக்கு மணம் தரும் அதே காற்றுத்தான் கான்களையும் பீலிகளையும் வற்றச் செய்கிறது. நண்பகலில் லயத்துத் தகரக் கூரையின் கீழே இருந்தவர்களுக்கு அந்த உஷ்ணத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

“மனிதருக்கே தண்ணீர் இல்லாதபோது பூனைக்கா?” என்று பெரியவர்கள் கேட்டால், அக்கேள்வியிலும் நியாயம் உண்டு. உமா ஓயாத் திட்டச் சுரங்கத்துள் 2014 டிசம்பரிலும், மறுபடி 2017-லும் நிலத்தடி நீர் பாய்ந்தது. நம் பகுதியிலே கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின; வீட்டுச் சுவர்கள் வெடித்தன; மக்கள் வீதிக்கு வந்து நியாயம் கேட்டார்கள். ஆனால் ஒரு பூனைக்கு நாளொன்றுக்கு வேண்டியது ஒரு தேநீர்க் கோப்பை நீர் மாத்திரமே. தாகத்தின் வருத்தத்தை அறிந்த ஊர் அதை மறுக்கலாமா?

பூனைக்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. பாதங்களில் மாத்திரமே வியர்க்கும். தன் உடலை நக்கி, அந்த ஈரம் உலர்வதனாலேதான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. நீர் கிடையாவிட்டால் இந்த வழியும் அடைபட்டுப் போகும். ஆகவே செய்யவேண்டியவை சில உண்டு.

முதலாவது, தண்ணீர். நிழலான இடத்தில், சோற்றுக்குச் சற்று விலக்கி, மண் சட்டியில் வையுங்கள். மண் சட்டி நீரைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும். நுளம்பு பெருகுமே என்ற பயம் சரியானதே. தினமும் நீரை ஊற்றிவிட்டுச் சட்டியின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு நுளம்பின் முட்டை பாத்திரத்தின் சுவரிலே ஒட்டியிருக்கும். நீரை மாற்றினால் மட்டும் போதாது.

இரண்டாவது, நிழல். மரத்தடியில் ஒரு மரப்பெட்டியும் பழைய சாக்கும் போதும். தகரத்தால் மூடாதீர்கள். வெயிலுக்கு ஒதுங்கும் பூனை வாகனத்தின் அடியிலும் படுத்திருக்கும். ஆட்டோ ஓட்டும் தம்பிமார் புறப்படுமுன் குனிந்து பார்த்து, தட்டிவிட்டு எடுக்கவேண்டும்.

மூன்றாவது, உணவு. காலையிலும் மாலையிலும் வைத்து, மிச்சத்தை எடுத்துவிடுங்கள். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை; நீரே நல்லது.

பூனை நாயைப் போல வாய் திறந்து இளைத்தாலும், எச்சில் வடித்துத் தள்ளாடினாலும் அது உயிர் ஆபத்து. நிழலுக்குக் கொண்டுபோய், சாதாரண நீரில் நனைத்த துணியால் பாதம், வயிறு, காது ஆகியவற்றைத் துடைத்து, விசிறுங்கள். ஐஸ் நீர் ஊற்றாதீர்கள்; வாயில் பலவந்தமாகப் புகட்டாதீர்கள். தாமதியாமல் மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்லுங்கள். பனடோல் கொடுக்கவே கூடாது. அது பூனைக்கு நஞ்சு. கடித்தாலோ கீறினாலோ சவர்க்காரமிட்டுக் கால் மணி நேரம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். விசர் நோய் பூனைக்கும் வரும்.

இப்படி உபசரித்தால் பூனைகள் பெருகிவிடாவா? பெருகும். ஒன்பது வாரத்தில் குட்டி போடும் பிராணி அது. அதற்கு வழி கருத்தடைச் சத்திரசிகிச்சையே தவிர, குட்டிகளைச் சாக்கில் கட்டித் தேயிலை மலையில் எறிவதன்று. மிருகவதைத் தடைச் சட்டம் இந்நாட்டில் 1907-லேயே வந்துவிட்டது. சங்கம் மிருக வைத்தியருடன் பேசி, வருஷத்துக்குச் சில பூனைகளுக்கேனும் இச்சிகிச்சை செய்விக்கலாம்.

வள்ளலார் 1867-ல் வடலூரில் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றும் அணையவில்லை. நம்மால் அவ்வளவு பெரிய அடுப்பு மூட்ட முடியாது. வாலிபர்களே, ஒரு சட்டி நீர் வைக்க முடியும். கிழமைக்கு ஒருவராக முறை வைத்துக்கொள்ளுங்கள். பெரியோர்களே, கோயில் மதிலோரத்தில் அதற்கு ஒரு சாண் இடம் கொடுங்கள். இவ்வளவே என் வேண்டுகோள்.