பழுதான பல்பும் லேசர் கதிரும்

(காஞ்சிபுரத்தில் அறிவியல் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



“சார், ஃபியூஸ் போன எல்.இ.டி. பல்பில் இருக்கும் டிரைவர் போர்டை வைத்து லேசர் லைட் எரிய வைக்கலாமா?” என்று மாணவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. உங்களிடமும் கேட்டிருப்பார்கள். பதில் சொல்லாமல் அனுப்பினால் வீட்டில் செய்து பார்ப்பார்கள். அங்கே 230 வோல்ட் இருக்கிறது.

எல்.இ.டி.யும் லேசர் டயோடும் ஒரே குடும்பம். இரண்டிலும் மின்னழுத்தம் சற்று உயர்ந்தாலே மின்னோட்டம் மளமளவென்று ஏறிவிடும். அந்த ஏற்றத்தைக் கட்டுப்படுத்துவதே டிரைவரின் வேலை. ஆகவே மாணவரின் எண்ணம் அடிப்படையில் சரியானது.

ஆனால் அளவு மாறுகிறது. 1 வாட் எல்.இ.டி.க்கான டிரைவர் சுமார் 300 மில்லிஆம்பியர் தரும். சிறிய சிவப்பு லேசர் டயோடுக்கு ஏறத்தாழ 30 போதும். எல்.இ.டி. சிறிது நேரம் கூடுதல் மின்னோட்டத்தைத் தாங்கும். லேசர் டயோடிலோ, ஒளி வெளிவரும் முகப்பு கண நேரத்தில் தன் ஒளியாலேயே கருகிவிடும். பிறகு அது மங்கலாக எரியும், கதிர் வராது.

இன்னொன்று, பல்பு டிரைவர்கள் பலவற்றில் வெளிவரும் கம்பியும் மின் இணைப்போடு நேரடித் தொடர்பில் இருக்கும். தொட்டால் ஷாக் அடிக்கும். ஆகவே அவற்றை வகுப்பறைக்கே கொண்டுவர வேண்டாம்.

அதே தத்துவத்தை 9 வோல்ட் பேட்டரியில் காட்டலாம். எல்.எம்.317 என்ற மலிவான ஐ.சி.யும் 47 ஓம் மின்தடையும் போதும். 1.25-ஐ 47-ஆல் வகுத்தால் சுமார் 27 மில்லிஆம்பியர். லேசரை உடனே இணைக்காதீர்கள். மூன்று 1என்4007 டயோடுகளையும் 1 ஓம் மின்தடையையும் தொடராக இணைத்து, அதை லேசருக்குப் பதிலாக வையுங்கள். அந்த 1 ஓம் மின்தடையின் இரு முனைகளிலும் மல்டிமீட்டர் 27 மில்லிவோல்ட் காட்டினால், ஓடுவது 27 மில்லிஆம்பியர். ஓம் விதி மாணவர் கண்முன் வேலை செய்கிறது. பேட்டரியைக் கழற்றிய பிறகே லேசரை இணைக்க வேண்டும். இதை ஆசிரியர் மேசையில், ஆசிரியர் மட்டுமே செய்யட்டும்.

மாணவர்கள் அளந்து பார்க்க, 1 மில்லிவாட்டுக்கு உட்பட்ட ‘கிளாஸ் 2’ லேசரைப் பயன்படுத்துங்கள். நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாவும் ஊடையும் புதிதல்ல. தடித்த பட்டில் ஒளி நுழையாது. மெல்லிய பட்டுத்துணித் துண்டு ஒன்றைக் கதிருக்குக் குறுக்கே பிடித்தால், சுவரில் சிலுவை வடிவில் புள்ளிகள் விழும். சுவர் 4 மீட்டர் தொலைவில் இருந்து, அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடைவெளி 13 மில்லிமீட்டர் என்றால், 650 நானோமீட்டர் ஒளிக்கு இழை இடைவெளி 0.2 மில்லிமீட்டர். அதாவது அங்குலத்துக்கு 127 இழைகள். உருப்பெருக்கியில் எண்ணிச் சரிபார்க்கச் சொல்லுங்கள். நெசவாளர் வீட்டுப் பிள்ளை அந்த வகுப்பில் முன்வரிசைக்கு வந்துவிடும்.

லேசரை அசையாமல் பொருத்துங்கள். கதிர் யாருடைய கண் மட்டத்திலும் செல்லக் கூடாது. சரிகை கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பும். சரிகைத் துணி வேண்டாம். கடையில் வாங்கும் லேசரின் லேபிளை மட்டும் நம்பி, எந்தப் பிள்ளையையும் கதிருக்குள் பார்க்க விடாதீர்கள். விழித்திரையில் ஏற்படும் காயம் ஆறாமலே போகலாம்.

அடுத்த முறை ஒரு மாணவர் பழைய பல்போடு வந்தால், பல்பை வாங்கி வைத்துக்கொண்டு மல்டிமீட்டரைக் கையில் கொடுங்கள்.