மூடிய கடலும் எஞ்சிய நீரும்



நேபாள நாட்டுக் கண்டகி யாற்றுப் படுகையில் கருநிற உருண்டைக் கற்கள் கிடைக்கின்றன. உடைத்து நோக்கின் உள்ளே ஆழிபோற் சுருண்ட ஓட்டின் அச்சு. திருமாலடியார் வழிபாட்டில் வைக்கும் சாளக்கிராமம் இதுவே. திருமங்கையாழ்வார் பாடிய திருப்பதிக்கும் இப்பெயரே. அவ்வோட்டில் வாழ்ந்தது, இற்றைக் கணவாய்க்கு உறவான கடலுயிரி. கடலினின்று பன்னூறு கல் தொலைவில், மாமலையின் நடுவே, கடலுயிரி வந்தது எங்ஙனம்?

அங்கே ஒரு பெருங்கடல் இருந்தது. வடக்கே ஆசிய நிலம், தெற்கே கோண்டுவானா என்னும் பெருநிலம், இடையே அக்கடல். ஆத்திரிய நிலவியலறிஞர் எடுவர்டு சூயசு, 1893-இல், கிரேக்கர்தம் கடலன்னையின் பெயரால் அதனைத் தெத்தீசு என்றழைத்தார். தெற்குநிலம் பிளந்தது. அதினின்று பிரிந்த இந்திய நிலத்தட்டு வடக்கு நோக்கி நகர நகர, எடைமிக்க கடற்றரை ஆசியாவின் அடியிற் புதைந்தது. மேற்படிந்த வண்டலோ புதையாது மடிந்தது. ஏறத்தாழ ஐந்து கோடி ஆண்டுகட்குமுன் நிலத்தோடு நிலம் முட்டிற்று. அம்மடிப்பே இமயம்.

இறையனார் களவியலுரை கூறும் கடல்கோளோடு இதனை முடிச்சிடுவார் உளர். அது பொருந்தாது. இற்றை மாந்தவினம் தோன்றி மூன்றிலக்கம் ஆண்டுகளே ஆகின்றன. நம் பழமைக்குச் சான்று தேடுவோர் ஆண்டுக்கணக்கை விழுங்கிவிட்டுத் தேடுதல் ஆய்வாகாது.

மேற்கே கதை வேறு. ஆப்பிரிக்காவும் அரபு நிலமும் ஐரோவாசிய நிலத்தை நெருக்கின. கிழக்கு வாயில் அடைபட்டது. நண்ணிலக்கடலின் கீழைப்பகுதித் தரை அப்பழங்கடலின் எச்சம். மேலைப்பகுதி பின்னர்த் திறந்தது. ஏறத்தாழ 60 இலக்கம் ஆண்டுகட்குமுன் மேற்கு வாயிலும் அடைபட, ஆறுகள் கொணர்ந்த நீரினும் வெயில் குடித்த நீர் மிகுதியாயிற்று. கடல் உப்பளமாயிற்று! 1970-இல் குளோமர் சேலஞ்சர் என்னும் துளைப்புக் கப்பல் அத்தரையைத் துளைத்து உப்புப் படிவைக் கண்டது. சிலவிடங்களில் அதன் தடிப்பு ஒரு கிலோமீட்டருக்கு மேல். 53 இலக்கம் ஆண்டுகட்குமுன் சிபுரால்டர் வழியே பெருங்கடல்நீர் மீண்டும் புகுந்தது.

ஆல்புசு, காக்கேசிய மலைகள் எழுந்தபோது வடபால் துண்டுபட்ட நீர்ப்பரப்பின் எச்சங்களே கருங்கடலும் காசுப்பியன் கடலும். காசுப்பியனுக்குப் பெருங்கடலோடு இன்று தொடர்பில்லை. அதன் நீர்மட்டம் கடல்மட்டத்தினும் 28 மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. உப்போ பெருங்கடல்நீரில் மூன்றிலொரு பங்கே. ஏரியாயினும் கடல் என்னும் பெயர் அதைவிட்டுப் போகவில்லை.

அதன் கிழக்கே, பழங்கடல் கிடந்த நிலப்பகுதியில், அமு, சிர் என்னும் ஈராறுகள் நிறைத்தது ஆரல்கடல். 1960-இல் ஏறத்தாழ 68,000 சதுரக் கிலோமீட்டர் பரப்பு! பருத்தி விளைக்கச் சோவியத்து ஆட்சியர் அவ்வாறுகளை வாய்க்கால்களிற் பிரித்துவிட்டனர். நிலத்தட்டுகள் கோடியாண்டுகள் எடுத்துக்கொண்ட வேலையை மாந்தர் அரை நூற்றாண்டில் முடித்தனர். மீன்பிடி கப்பல்கள் மணலில் நின்றன. உப்பும் பூச்சிக்கொல்லி நஞ்சும் கலந்த புழுதி ஊர்களின்மேல் வீசிற்று. 2014-இல் தென்பகுதியின் கிழக்கு மடு முற்றும் வறண்டது.

கசாக்கசுத்தான் நாட்டார் 2005-இல் வடபகுதிக்குக் குறுக்கே அணை எடுத்து முடித்தனர். சிர் ஆற்றுநீர் அங்கே தேங்கிற்று, உப்புக் குறைந்தது, மீன் திரும்பிற்று. தென்பகுதிக்கு அவ்வாய்ப்பு வாய்க்கவில்லை.