கூரையை எண்ணலாம், மனத்தை எண்ண முடியுமா?

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! சட்டப் புத்தகத்தையே இந்த மேடையில் கொட்டிவிட்டுப் போயிருக்கிற எதிரணி நண்பரே! வீட்டுக் கூடத்தில் அமர்ந்து பார்க்கிற தாய்மார்களே!

இல்லறத்தைக் காப்பது அன்பா, சட்டமா? இதுதான் கேள்வி. நண்பர் சொன்னார்: "கனடாவைப் பாருங்கள். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து வாழணும்னு சட்டமே சொல்லுது!" சரி, நானும் கனடாவுக்கே வருகிறேன். டிக்கெட் நண்பர் செலவு! (சிரிப்பு)

அங்கே இருக்கிற கணவன், மனைவிக்கு நிரந்தரமாகத் தங்கும் உரிமை கேட்டு ஸ்பான்சர் செய்யலாம். மனைவி இந்தியாவில் இருக்கிறாளா? ஒரே வீட்டில் வாழ்ந்து காட்ட வேண்டியதில்லை. உண்மையான திருமணம்தான் என்று நிரூபித்தால் போதும். கனடாவுக்குள் இருக்கும் தம்பதிக்கென்று உள்ள பிரிவில் மனுப்போட்டால் மட்டும் ஒரே கூரையின்கீழ் வாழ வேண்டும்.

நல்லவேளை, ஊர்மிளை அந்தப் பிரிவில் மனுப்போடவில்லை! இலக்குவன் 14 ஆண்டு காட்டில், அவள் அயோத்தியில். "ஒரே முகவரி இல்லையேம்மா" என்று அதிகாரி மனுவைத் திருப்பியிருப்பார்! (சிரிப்பு, கைதட்டல்) கூரை இரண்டானதால் அந்த உறவு அற்றா போயிற்று?

நடுவர் அவர்களே, சிரித்தது போதும். 2012 அக்டோபரில் கனடா ஒரு விதி கொண்டுவந்தது. மனுப்போடும்போது உறவு ஏற்பட்டு இரண்டாண்டுக்கு மேல் ஆகவில்லை, குழந்தையும் இல்லை என்றால், உரிமை கிடைத்த பிறகும் இரண்டாண்டு சேர்ந்தே வாழ வேண்டும். பிரிந்தால் உரிமை பறிபோகலாம். பொய்க் கல்யாணத்தைத் தடுக்க வந்த விதி. நோக்கம் நல்லதுதான், நான் மறுக்கவில்லை.

என்னிடம் முதுகலை படித்த ஒரு பெண், அந்த விதி வந்த பிறகு திருமணமாகிப் போனாள். ஒருநாள் இரவு போன். "ஐயா, அடிக்கிறாருங்க." நான் பதறிப்போய், "வெளியே வந்துடும்மா" என்றேன். "வந்தா பேப்பர் போயிடும், ஊருக்கு அனுப்பிடுவாங்கன்னு மிரட்டுறாருங்க ஐயா" என்றாள்.

கொடுமைக்கு ஆளானவர்களுக்கு அந்த விதியிலேயே விலக்கு இருந்தது. அவளுக்கும் தெரியாது. இத்தனை படித்த எனக்கும் தெரியாது! தெரிந்துகொண்டு அவள் வெளியே வருவதற்குள் ஒன்றரை ஆண்டு ஓடிவிட்டது. அந்த ஒன்றரை ஆண்டும் சட்டத்தின் கணக்கில் அவர்கள் 'சேர்ந்து வாழ்ந்தார்கள்', நடுவர் அவர்களே! அதற்குப் பெயர் இல்லறமா? (கைதட்டல்)

பிறகு என்ன நடந்தது? 2017 ஏப்ரலில் கனடா அரசே அந்த இரண்டாண்டு நிபந்தனையை நீக்கிவிட்டது. கொடுமைக்கார வீட்டிலேயே பெண்கள் அடைபட்டுக் கிடக்க அது வழி செய்கிறது என்பதை அரசே உணர்ந்தது. நண்பரே, நீங்கள் சாட்சிக்கு அழைத்த சட்டமே என் பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டது!

பெண்ணைக் கடல் கடந்து அனுப்புகிற பெற்றோர்களே, நகையோடு இதையும் சொல்லி அனுப்புங்கள். அங்கே மனு பரிசீலனையில் இருக்கும்வரை ஸ்பான்சர் செய்தவர் அதைத் திரும்பப் பெறலாம். அப்போது சட்டம் தெரிந்தவரிடம் உடனே ஆலோசனை கேட்க வேண்டும். ஆனால் உண்மையாகத் திருமணம் செய்து, நிரந்தர உரிமையும் பெற்றுவிட்டவள், அடிக்கிற வீட்டைவிட்டு வெளியேறினாள் என்பதற்காக மட்டும் அந்த உரிமையை இழப்பதில்லை. அவர் கொடுத்த மூன்றாண்டுப் பராமரிப்பு உறுதிமொழியும், பிரிந்துவிட்டார்கள் என்பதால் ரத்தாகாது.

பொய்யான உறவைச் சட்டம் கண்டுபிடிக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இரண்டு பேரை ஒரே வீட்டில் உட்கார வைக்கத்தான் அதனால் முடியும். "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்க வைக்க முடியாது. அதைக் கேட்க வைப்பது அன்பு. ஆகவே இல்லறத்தைக் காப்பது அன்பே என்று நல்ல தீர்ப்பு வழங்க வேண்டி, விடைபெறுகிறேன்.