வீட்டைக் காலி செய்யும் முன்: முறையாக நோட்டீஸ் கொடுப்பது எப்படி?

(நம் சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் செயற்குழு உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டத்தில் சொந்த வீட்டுக்காரர்கள் இருக்கிறீர்கள், வாடகைக்குக் குடியிருப்பவர்கள் இருக்கிறீர்கள், வெளிநாட்டில் இருக்கும் ஓனருக்காக வந்திருக்கும் பெற்றோரும் இருக்கிறீர்கள். வாடகை வீட்டைக் காலி செய்யும்போது முறையாக நோட்டீஸ் கொடுப்பது பற்றிப் பதினைந்து நிமிடம் பேசும்படி செயற்குழு கேட்டுக்கொண்டது. எந்தத் தரப்புக்கும் வக்காலத்து வாங்க நான் வரவில்லை. இரண்டு தரப்புக்கும் உபயோகப்படுகிற மாதிரி நாலு விஷயம் சொல்லப் பார்க்கிறேன்.

சங்கத்துக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். வாடகை ஒப்பந்தம் ஓனருக்கும் குடியிருப்பவருக்கும் இடையில் உள்ளது. சங்கம் அதில் கையெழுத்துப் போடுவதில்லை. உண்மைதான். ஆனால் தகராறு வந்து நிற்கிற இடம் நம்முடைய கேட். சாமான் ஏற்றிய வண்டி நிற்கிறது. ஓனர் போனில், "பாக்கி இருக்கிறது, விடாதீர்கள்" என்கிறார். குடியிருந்தவர், "அட்வான்ஸ் வராமல் சாவி தரமாட்டேன்" என்கிறார். நடுவில் செக்யூரிட்டி என்ன செய்வார்? இப்படி வரும் பஞ்சாயத்துகளை விசாரித்துப் பார்த்தால், பெரும்பாலும் வேர் ஒன்றுதான். காலி செய்வதாக எந்தத் தேதியில், எப்படிச் சொன்னார்கள் என்பதில் இருவரிடமும் இரண்டு கணக்கு இருக்கும்.

நோட்டீஸ் எதற்கு என்று முதலில் பார்ப்போம். அது வெறும் மரியாதைக்காக அல்ல. சென்னையில் வாடகை வீட்டின் உயிர்நாடி அட்வான்ஸ் பணம். ஆறு மாதம், சில இடங்களில் பத்து மாத வாடகை வரை அட்வான்ஸாக வாங்கும் பழக்கம் இங்கே நெடுநாளாக உண்டு. குடியிருப்பவருக்கு, இந்த வீட்டு அட்வான்ஸ் கைக்கு வந்தால்தான் அடுத்த வீட்டுக்குக் கொடுக்க முடியும். ஓனரோ அந்தப் பணத்தை எப்போதோ கடனுக்கோ பிள்ளைகளின் படிப்புக்கோ செலவழித்திருப்பார். அடுத்து வருகிறவர் கொடுக்கும் அட்வான்ஸை வாங்கித்தான் இவருக்குத் திருப்பிக் கொடுப்பார். ஆக, இருவரும் ஒரே பணத்தை நம்பி நிற்கிறார்கள். அந்தப் பணம் புரளுவதற்கான அவகாசம்தான் நோட்டீஸ் காலம். அதைக் குறைத்தால் இருவரில் ஒருவருக்குக் கட்டாயம் இடிக்கும். மாத வாடகையை வைத்து மருந்து வாங்கும் வயதான ஓனர் நம் குடியிருப்பிலேயே இருக்கிறார்கள். அட்வான்ஸ் வராததால் புது வீட்டுக்காரரிடம் கெஞ்சி நிற்கும் இளம் குடும்பங்களும் இருக்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகளை ஒழுங்குபடுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்ய வேண்டும். "பதினோரு மாத அக்ரிமெண்ட்தானே, எதற்குப் பதிவு?" என்ற பழைய பேச்சு இனி எடுபடாது. வேறுவிதமாக ஒப்புக்கொண்டிருந்தால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்றும் இந்தச் சட்டம் சொல்கிறது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், குடியிருந்தவர் தர வேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு, மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்றும் சொல்கிறது.

நோட்டீஸ் எத்தனை நாள் என்பதற்கு முதல் பதில் உங்கள் அக்ரிமெண்டில் இருக்கிறது. நம் பக்கத்தில் ஒரு மாதமோ இரண்டு மாதமோ எழுதுவது வழக்கம். ஒப்பந்தம் எதுவும் சொல்லாத மாத வாடகைக்கு, 1882-ஆம் ஆண்டு சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 106-ஆம் பிரிவு 15 நாள் நோட்டீஸ் என்கிறது. அதே பிரிவில் நாம் கவனிக்க வேண்டிய இரண்டு விஷயங்கள் உண்டு. நோட்டீஸ் எழுத்தில், கையெழுத்துடன் இருக்க வேண்டும். நாள் கணக்கு, நீங்கள் எழுதிய தேதியிலிருந்து அல்ல, எதிராளியின் கைக்குக் கிடைத்த தேதியிலிருந்து ஓடும். பாதித் தகராறு இந்த இடத்தில்தான் பிறக்கிறது. "மாடிப்படியில் பார்த்தபோது சொன்னேனே சார்" என்பது நோட்டீஸ் ஆகாது.

அதனால் குடியிருப்பவர்களுக்கு நான் சொல்வது இது. முதலில் அக்ரிமெண்டை எடுத்து மூன்று விஷயங்களைப் பாருங்கள்: நோட்டீஸ் எத்தனை மாதம், குறைந்தபட்சம் இத்தனை மாதம் இருந்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனை உண்டா, பெயிண்டிங் பற்றி என்ன எழுதியிருக்கிறது. அதன்பிறகு ஓனரை நேரிலோ போனிலோ கூப்பிட்டுச் சொல்லுங்கள். கடிதம் திடீரென்று போய் விழுந்தால் மனிதருக்குக் கோபம் வருவது சகஜம். பேசிய அன்றைக்கே கடிதத்தைக் கொடுத்து, நகலில் தேதியுடன் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஓனர் வெளியூர் என்றால் ஒப்புகையுடன் தபாலில் அனுப்புங்கள். கூடவே மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ அனுப்பி, "கிடைத்தது" என்று ஒரு வரி பதில் வாங்கி வையுங்கள்.

கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. இப்படி எழுதினால் போதும்:

"ஐயா / அம்மா, தங்களுக்குச் சொந்தமான ____ எண் வீட்டில் ____ தேதியிட்ட ஒப்பந்தப்படி குடியிருந்து வருகிறேன். ஒப்பந்தத்தில் கண்டபடி ____ மாத அறிவிப்புக் கொடுத்து, ____ தேதியன்று வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைப்பேன். அதுவரை உள்ள வாடகையை வழக்கம்போல் செலுத்துவேன். நான் கொடுத்துள்ள முன்பணம் ரூ. ____-ஐக் கணக்கு முடித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். வீட்டைப் பார்க்க வருபவர்களை முன்கூட்டியே சொல்லி அழைத்து வந்தால் ஒத்துழைப்பேன். இப்படிக்கு, ____"

காரணம் எழுத வேண்டிய அவசியம் இல்லை. குழாய் ஒழுகியது, பக்கத்து வீட்டில் சத்தம் என்ற புகார்களை இதில் சேர்க்காதீர்கள். அவற்றுக்குத் தனிக் கடிதம் எழுதலாம்.

தேதியைக் குறிக்கும் முன் நாள்காட்டியையும் பாருங்கள். இது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத விஷயம். ஆடியிலும் மார்கழியிலும் நம் ஊரில் பலர் வீடு மாற மாட்டார்கள். ஜூன் நடுவில் ஒரு மாத நோட்டீஸ் கொடுத்து ஜூலை நடுவில் காலி செய்தால், ஆடி பிறக்கிற நேரம். ஆவணி வரும்வரை, அதாவது ஆகஸ்ட் நடுப்பகுதி வரை, வீடு பூட்டிக் கிடக்க வாய்ப்பு அதிகம். ஓனருக்கு ஒரு மாத வாடகை போகும். உங்கள் அட்வான்ஸும் அதற்கேற்பத் தள்ளிப்போகும். சித்திரை, வைகாசியிலேயே சொல்லிவிட்டால் ஆனியில் ஆள் பிடித்துவிடலாம். பள்ளி திறக்கும் சமயமும் அதுதான். வீடு தேடுகிறவர்களும் நிறைய இருப்பார்கள்.

அடுத்தது கணக்கு. ஒரு உதாரணம் பாருங்கள். வாடகை 20,000, அட்வான்ஸ் 1,20,000, நோட்டீஸ் இரண்டு மாதம். அந்த இரண்டு மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஓனர் எழுத்தில் சம்மதித்தால் இது நல்ல வழி. 40,000 கழிந்தால் கடைசி நாளில் ஓனர் புரட்ட வேண்டியது 80,000 மட்டும். ஆனால் சம்மதம் இல்லாமல் வாடகையை நிறுத்தினால் அது பாக்கிதான். சேதம், கரண்ட் பில் எல்லாம் முடியும்வரை ஓனருக்கு இருக்கிற ஒரே பிடிமானம் அட்வான்ஸ். அதை நீங்களே கரைத்தால் அவர் பயப்படத்தான் செய்வார்.

பெயிண்டிங்குக்கு என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பது இங்கே பழக்கமாகிவிட்டது. 2017 சட்டத்தின் அட்டவணைப்படி, எழுத்தில் வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாதவரை, சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு, ஜன்னலுக்கு வர்ணம் பூசுவதும் உரிமையாளர் பொறுப்பு. சுவிட்ச், குழாய் வாஷர், கைப்பிடி போன்ற சில்லறைப் பழுதுகள் குடியிருப்பவர் பொறுப்பு. ஆகவே பிடித்தம் செய்வதென்றால் அக்ரிமெண்டில் அப்படி எழுதியிருக்க வேண்டும். எழுதியிருந்தால் கடைசி நாளில் வாதாடிப் பயனில்லை.

கரண்ட் பில் இன்னொரு தலைவலி. மின்வாரியம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறது. நீங்கள் நடுவில் கிளம்பினால் உங்கள் பங்கு எவ்வளவு? நீங்கள் 300 யூனிட், அடுத்து வந்தவர் 300 யூனிட் என்றால் மொத்தம் 500-ஐத் தாண்டிவிடும். தாண்டினால் கீழே உள்ள யூனிட்டுகளில் சிலவற்றுக்கும் கட்டணம் கூடும். அதனால் சாவி கொடுக்கும் நாளில் இருவரும் மீட்டர் அருகில் நின்று ரீடிங்கைப் போட்டோ எடுங்கள். பில் வந்ததும் யூனிட் விகிதப்படி பிரித்துக்கொள்வோம் என்று எழுதி, அதற்கு ஒரு தொகையை மட்டும் நிறுத்திவைத்து, மற்றதை அன்றே கொடுத்துவிடலாம். காலி வீட்டின் ஒவ்வொரு அறையையும் அப்படியே வீடியோ எடுத்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை. பிறகு "இந்த விரிசல் முன்பே இருந்தது" என்ற பேச்சுக்கு இடமிருக்காது.

இப்போது ஓனர்களுக்கு. நோட்டீஸ் ஒருவழிப் பாதை அல்ல. பிள்ளைக்குக் கல்யாணம், வீடு வேண்டும் என்றால் நீங்களும் அதே காலத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். குடியிருப்பவர் போக மறுத்தால் அதற்கு வாடகை நீதிமன்றம் இருக்கிறது. தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்திவைப்பதைச் சட்டம் தடுக்கிறது. தயவுசெய்து எங்கள் பிளம்பரிடம் அப்படிக் கேட்காதீர்கள். நோட்டீஸ் கிடைத்த வாரத்திலேயே வீட்டை ஒருமுறை வந்து பார்த்து, என்னென்ன சரிசெய்ய வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். கடைசி நாளில் சாமான் ஏற்றியபிறகு பட்டியல் போடுவது நியாயமில்லை. அட்வான்ஸை எப்போது தர முடியும் என்பதையும் உள்ளபடி சொல்லுங்கள். "அடுத்தவர் வந்தால் தருகிறேன்" என்பது உங்கள் வசதி. ஒரு மாதம் என்பது சட்டம் வைத்த கெடு.

சங்கத்தின் பங்கு சிறியது. காலி செய்வதற்கு ஒரு வாரம் முன்பே அலுவலகத்தில் தெரிவியுங்கள். மெயின்டனன்ஸ் யார் கட்டுவது என்பது உங்கள் ஒப்பந்தம். பாக்கி இருந்தால் முதலிலேயே தீர்த்துவிடுங்கள். லிஃப்ட் உபயோகிக்கும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓனருக்கும் குடியிருப்பவருக்கும் உள்ள கொடுக்கல் வாங்கலுக்காக யாருடைய சாமானையும் கேட்டில் பிடித்துவைக்கும் அதிகாரம் நமக்கு இல்லை, நம் காவலாளிகளுக்கும் இல்லை. இதைச் செயற்குழு சார்பில் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அக்ரிமெண்ட் போடும்போது, பழைய பத்திரத்தைப் பார்த்து அப்படியே தட்டச்சு செய்யாமல் நான்கு வரிகள் சேர்த்துக்கொள்ளுங்கள்: நோட்டீஸ் எத்தனை நாள், எந்த வழியில் கொடுத்தால் செல்லும், பெயிண்டிங் யார் செலவு, அட்வான்ஸ் எந்த நாளுக்குள் திரும்பும். இந்த நான்கும் தெளிவாக இருந்தால் மற்றதைப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். நான் படித்துக் காட்டிய மாதிரிக் கடிதத்தின் நகல் அலுவலகத்தில் கிடைக்கும். கேள்விகள் இருந்தால் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.