வண்ணப் பாயும் வெறுந்தலையும்



கண்டி நகரின் கைப்பணிக் கடைகளில், சுவரில் தொங்கும் ஒருவகைப் பாயை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சிவப்பும் கறுப்பும் மஞ்சளுமான வரிகளுக்கிடையே யானையும் மானும் நேர்கோடுகளாலேயே உருவாகியிருக்கும். பாய் என்கிறோமே தவிர, இது நம் வீட்டுப் பன்பாய் போலக் கையாற் பின்னப்படுவதன்று, தறியில் நெய்யப்படுவது. ‘தும்பர ரட்டா கலால’ என்பது இதன் சிங்களப் பெயர். கண்டிக்குக் கிழக்கே தும்பறைப் பகுதியில், ஹேனவல போன்ற ஊர்களில், கின்னர சமூகத்தார் இதனை நெய்து வருகின்றனர்.

‘ஹண’ என்னும் கற்றாழையினச் செடியின் மடலைக் கட்டையில் வைத்துச் சுரண்டினால், சதை கழன்று வெண்ணிற நார் மிஞ்சும். அதைக் கழுவி, உலர்த்தி, சீவிச் சாயமேற்றுவர். பதங்கக் கட்டை சிவப்புத் தரும்; மரமஞ்சள் மஞ்சள் தரும். தறியோ நிலத்தோடு ஒட்டியது. நெய்பவர் தரையிலமர்ந்து இழைகளை எண்ணியெண்ணிக் கோக்க வேண்டும். ஓரிழை பிசகினால் மானின் கால் கோணிவிடும்!

இனி, நான் சொல்ல வந்த விடயம். கண்டியரசில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறையிருந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தமது நூலில் அந்நாட்டுச் சாதிகளை விவரிக்கிறார். நேர்த்தியான பாய் செய்யும் கின்னரரைக் கீழ்ப்படிகளில் வைத்து, அவர்களுடைய ஆண்கள் தலையில் எதுவும் அணியலாகாது என்ற விதியையும் குறிப்பிடுகிறார். அரண்மனைக்குப் பாய் நெய்தளித்த சமூகம் அது. தலையிலே ஒரு துண்டுத் துணிக்கு அதற்கு உரிமையில்லை.

கலாயோகி ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்ற பெருநூலில் இக்கைப்பணியையும் பதிவு செய்தார். பழைய அரசமைப்பில் கைப்பணியாளன் ஊழியத்துக்கு ஈடாக நிலம் பெற்று, சந்தையின் நெருக்குதலின்றித் தொழில் செய்தான் என்பது அவர் நோக்கு. அதில் உண்மை உண்டு. ஆயினும், நிலம் கொடுத்த அதே அமைப்புத்தான் தலையையும் வெறுமையாக்கியது. கலாயோகியிடம் எனக்குள்ள பெருமதிப்பு குறையாமலே இதைச் சொல்கிறேன்.

2021இல் யுனெஸ்கோ நிறுவனம் இப்பாய்க் கலையை மானிடத்தின் மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. அதன் விவரிப்பில் கின்னர சமூகத்தின் பெயர் உண்டு. நல்லதுதான். ஆனால் சாதிப் பெயரைச் சொல்லியா ஒரு கைவன்மையைப் போற்றுவது? ஓவியத்தின் மூலையில் ஓவியர் தம் பெயரை எழுதுகிறார். மானுக்குக் கால் கோணாமல் நெய்தவரின் சொந்தப் பெயரும் பாயின் ஓரத்தில் இருக்கலாமே. ஒரு சின்னத் துணித்துண்டு போதும்.