வீடுகள் பெருகும்போது ஊராரின் சொல்

(ஊராட்சி உறுப்பினர்களுக்கான பயிற்சிக் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



நம் கிராமங்களில் குடும்பங்கள் பெருகுகின்றன, நத்தம் பெருகுவதில்லை. தந்தை காலத்தில் ஒரு குடும்பம் வாழ்ந்த மனையில் இன்று மூன்று புதல்வர்கள் தனித்தனியே வீடு கட்ட விரும்புகின்றனர். ஓட்டு வீடு இருந்த இடத்தில் மாடி எழுகிறது. நஞ்சையை மனையாக்குவதினும், இருக்கும் மனைகளில் நெருங்கி வாழ்வது மேலானதே. ஆயினும், அத்தெருவில் முன்னரே குடியிருப்போர்க்கு இதில் கருத்துக் கூறும் உரிமை உண்டா?

உண்டு என்பதே நம் விடை. ஒரு தெருவில் புதிதாகப் பத்துக் குடும்பங்கள் குடியேறுவதாகவும், குடும்பத்திற்கு ஐவர் எனவும் கொள்வோம். ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் குடிநீர் என்பது ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு. அதன்படி நாள்தோறும் 2,750 லிட்டர் கூடுதலாக வேண்டும். அதில் பெரும்பகுதி கழிவுநீராக வடிகாலில் இறங்கும். மழைக்காலத்தில் எவர் வாசலில் நீர் தேங்கும் என்பதை வரைபடம் கூறாது, தெருவார் கூறுவர். அவர்களைக் கேளாமல் செய்த வேலையைப் பின்னர் இடித்துச் செய்ய நேரிடும்.

ஆனால், கருத்துக் கூறும் உரிமை வேறு. பிறர் குடியேறுவதைத் தடுக்கும் உரிமை வேறு. ஓர் ஊரில் வீடற்றோர்க்கு மனைப் பட்டா வழங்க முற்பட்டபோது, "தண்ணீர் போதாது" என்று எதிர்ப்பு எழுந்ததை நாம் கண்டோம். புதுக் குழாய் அமைக்க வழி கூறிய பின்னரும் எதிர்ப்புத் தணியவில்லை. தண்ணீரன்று, வருவோர் இன்னார் என்பதே தடையாக இருந்தது. மனை வேண்டியோரோ பந்தலுக்கு வெளியே வாய் திறவாது நின்றனர்.

10-ஆம் நூற்றாண்டின் உத்தரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்திற்கு வருவோர்க்குச் சொந்த மனையில் வீடும் நிலமும் வேண்டுமென விதித்தது. இன்றைய விதி அதுவன்று. 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி, ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபை உறுப்பினரே. மாடி வீட்டாரும் மனையற்றோரும் அங்குச் சமமானவர்.

ஆகவே உறுப்பினர்கள் செய்யவேண்டுவன இவை. 2022 முதல் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் கிராம சபை கூடுகிறது. குடியிருப்பு விரிவு பற்றிய யோசனையை முன்னதாகவே அறிவியுங்கள். மனை வேண்டுவோரைப் பந்தலுக்குள் அழைத்து அமர்த்தி, முதலில் பேசச் செய்யுங்கள். "வேண்டாம்" என்போரிடம், "எது குறைகிறது? நீரா, வடிகாலா, வழியா?" என்று கேளுங்கள். குறையைத் தீர்மானத்தில் எழுதி, அதைத் தீர்க்கும் வேலையையும் உடன் எழுதுங்கள். குறை ஏதும் கூற இயலாதவரின் மறுப்பிற்காக ஒரு குடும்பத்தின் கூரையை நிறுத்திவைத்தல் முறையன்று.

பழைய வீட்டாரின் அனுபவமும் புதிய வீட்டாரின் தேவையும் ஒரே பந்தலில் கேட்கப்படுமாயின், வீடுகள் நெருங்கும்போது மனங்களும் நெருங்கும்.